நாலு பேரும் நடுவரும்

நம் பகுதியில் திருவருகைக் காலமும் புயற்காலமும் இணைபிரியாமல் சேர்ந்தே வருகின்றன. ஐரோப்பிய நாட்டு விசுவாசிகள் ஆண்டவரின் வருகைக்காகக் காத்திருக்கத் தொடங்கும்போது அங்கே குளிர் கூடும், பகல் குறுகும். வங்கக் கடலோரத்தில் வாழும் நாம் காத்திருக்கத் தொடங்கும்போது புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண் செய்தியில் சொல்லப்படும். ஏரிக்கரைகளில் மணல் மூட்டைகள் அடுக்கப்படும். 2011-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின் எண்கிழமைக்குள், டிசம்பர் 30 அன்று, தானே புயல் கடலூரையும் புதுச்சேரியையும் சூறையாடியது. 2015-ஆம் ஆண்டு நவம்பர் 29 அன்று திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு வந்தது. அடுத்த சில நாள்களில் சென்னை மாநகரம் வெள்ளத்தில் மூழ்கியது.

2024-ஆம் ஆண்டில் அந்த முதல் ஞாயிறு டிசம்பர் 1 அன்று அமைந்தது. அதற்கு முந்திய இரவில்தான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்னும் நகராமல் அங்கேயே பல மணி நேரம் நின்றது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2-ஆம் நாள் அதிகாலையில் நொடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கும் மேலாகத் தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணை கரைமீறியது, அரசூர், இருவேல்பட்டு ஊர்களில் வெள்ளம் புகுந்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையே இரயில் பாலத்தைத் தண்ணீர் நெருங்கியதால் தென் மாவட்ட இரயில்கள் நின்றன. திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஒரு வீட்டின்மேல் விழுந்து ஏழு உயிர்களை மாய்த்தது. அவர்களில் ஐவர் குழந்தைகள்.

அந்த ஞாயிறு திருப்பலிக்குக் குறிக்கப்பட்டிருந்த நற்செய்தி லூக்கா 21-ஆம் அதிகாரம். கடலின் முழக்கத்தால் மக்களினங்கள் கலங்குவதையும், மானிடமகன் வருவதையும், அவர்முன் நிற்க வல்லவராக விழித்திருக்க வேண்டியதையும் ஆண்டவர் அதில் சொல்கிறார். இதனை எவரும் அந்த நாளுக்கென்று தேடி எடுக்கவில்லை. 1969-இல் வெளியான வாசக ஒழுங்கின்படி மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உலகெங்கும் முறைப்படி வருவது அது. ஆயினும், விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே நான் பணிபுரியும் பங்கில், மின்சாரம் இன்றி மெழுகுதிரி வெளிச்சத்தில் அதனைக் கேட்ட சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். நிவாரண நாள்கள் முழுவதும் அவர்கள் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "சாமி, இது தீர்வையா?"

இக்கேள்விக்கு ஆண்டவரே விடையளித்திருக்கிறார். சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டபோது, அவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்றெல்லாரையும்விடப் பெரிய குற்றவாளிகள் என்று எண்ண வேண்டாம் என அவர் தெளிவாகவே உரைத்தார். மழை நேர்மையாளர்மீதும் நேர்மையற்றவர்மீதும் பெய்கிறது. தண்ணீருக்குத் தெரிந்தது பள்ளம் மேடு மட்டுமே. ஆகவே, மலைச்சரிவில் புதையுண்ட குழந்தைகளைக் காட்டி, 'கடவுளின் கோபத்தைப் பாருங்கள்' என்று எவராவது போதித்தால், அவர் கடவுளைப் பற்றிப் பொய்ச்சான்று சொல்கிறார். ஆனால், பள்ளத்தில் குடியிருப்பவர் யார், அவரை அங்கே குடியேற்றியவர் யார் என்ற கேள்வி தண்ணீருக்குரியதன்று. அது நமக்குரியது. தீர்வையைப் பற்றிய சிந்தனை அங்கேதான் தொடங்குகிறது.

கடலின் முழக்கத்தில் ஆழ்ந்துபோன நாம் அதே நாளின் இரண்டாம் வாசகத்தைக் கவனிக்கத் தவறிவிட்டோம். அது தூய பவுல் தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஆண்டவர் தம் தூயோர் அனைவரோடும் வரும்போது நீங்கள் குற்றமின்றி இருக்கவேண்டும் என்று வாழ்த்திய கையோடு, கடவுளுக்கு உகந்தவர்களாய் வாழும் முறையை எங்களிடம் கற்றுக்கொண்டீர்களே, அதில் இன்னும் முன்னேறுங்கள் என்று அவர் வேண்டுகிறார். வானத்து அடையாளங்களைப் பற்றிய நற்செய்திக்கு அருகில் அன்றாட வாழ்வைப் பற்றிய இந்த அமைதியான வேண்டுகோளைத் திருச்சபை வைத்திருக்கிறது. தீர்வையை நினைப்பவன் வானத்தை அண்ணாந்து பார்த்து நிற்கவேண்டியதில்லை, நடக்கவேண்டும்.

இத்திருமுகத்தை நம் மக்கள் வாசிக்கும் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 1995-இல், திண்டிவனத்திலுள்ள தமிழக விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையத்தின் வெளியீடாக வந்தது. தமிழ்க் கத்தோலிக்க இல்லங்களில் எங்கெல்லாம் அந்நூல் இருக்கிறதோ, அங்கெல்லாம் நம் திண்டிவனத்தின் பெயரும் உடன் இருக்கிறது. சின்னப்பர் என்று என் தாய் அழைத்து வேண்டிய திருத்தூதர் பவுலானதும், அருளப்பர் யோவானானதும் எங்கள் தலைமுறைக்குப் பழக நாளாயிற்று. பெயர்கள் மாறினும், திருத்தூதரின் கேள்வி மாறவில்லை: உன் வாழ்வு யாருக்கு உகந்தது?

குருமடத்தில் கற்ற சிறிதளவு கிரேக்கம் இங்கே எனக்கு உதவுகிறது. 'அரெஸ்கெய்ன்' என்பது பவுல் ஆளும் சொல். ஒருவருக்கு உகந்தவாறு நடத்தல், ஒருவர் மனம் மகிழுமாறு நடத்தல் என்பது அதன் பொருள். இதே சொல்லை அதே திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ஆளும்போது, நாங்கள் மனிதருக்கு உகந்தவராக அன்று, இதயங்களைச் சோதித்தறியும் கடவுளுக்கு உகந்தவராகப் பேசுகிறோம் என்கிறார். கலாத்தியருக்கு எழுதும்போதும் அதே சொல், அதே எதிர்நிலை: இன்னும் மனிதரை உவப்பிக்கப் பார்த்தால் நான் கிறிஸ்துவின் பணியாளனாக இருக்க முடியாது. கடவுளுக்கு உகந்து வாழ்வதற்குப் பகையாக அவர் அடிக்கடி எதிரில் நிறுத்துவது மனிதரின் ஒப்புதலுக்கான ஏக்கத்தை. இது ஆழ்ந்து எண்ணத்தக்கது.

கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் இவ்வுண்மை இன்னும் கூர்மை பெறுகிறது. ஆண்டவருக்கு உகந்தவராய் இருப்பதே எங்கள் நோக்கம் என்றபின், ஏனெனில் நாம் அனைவரும் கிறிஸ்துவின் நடுவர் இருக்கைமுன் தோன்றியாக வேண்டும் என்கிறார். 'பேமா' என்னும் அந்த இருக்கை கொரிந்தியருக்குக் கண்ணால் கண்ட பொருள். அவர்களுடைய நகரின் சந்தைவெளியில் உரோமை ஆளுநர் அமர்ந்து வழக்குக் கேட்ட கல்மேடை அது. அகழ்வாராய்ச்சியில் வெளிப்பட்ட அதன் எச்சங்களை இன்றும் காணலாம். பவுலே கல்லியோ என்னும் ஆளுநரின் அந்த இருக்கைமுன் இழுத்துவரப்பட்டதைத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. கல்லியோ வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார். மனிதரின் நடுவர் இருக்கைமுன் ஒருமுறை நின்ற அந்த மனிதருக்கு அதைப் பற்றிய அச்சம் தெளிந்துவிட்டது. நிற்கவேண்டிய இருக்கை வேறொன்று என அவர் அறிந்திருந்தார்.

எங்கள் சிறுவயது ஞானோபதேசத்தில் மனிதனின் கடைசி முடிவுகள் நான்கு என்று படித்தோம்: மரணம், தீர்வை, மோட்சம், நரகம். உபதேசியார் தீர்வையை விளக்கும் மாலைகளில் பையன்கள் வீட்டிற்குத் தனியே போக அஞ்சுவோம். அந்த அச்சத்தை நான் இழிவாகப் பேசமாட்டேன். பிறர் தோட்டத்து மாங்காயிலிருந்து எத்தனையோ கைகளை அது தடுத்திருக்கிறது. ஆயினும், தண்டனைக்கு அஞ்சுபவன் தண்டனை தரவல்லவர் எவராயினும் அவரை உவப்பிக்க முயல்வான். வலிய மனிதர் அருகில் இருக்க, கடவுள் தொலைவில் இருப்பதாகத் தோன்றினால், அவன் வலிய மனிதரையே தெரிந்துகொள்வான். அச்சம் மட்டும் கற்ற நெஞ்சம், இறுதியில் எந்த நடுவருக்கு அஞ்சுவது என்பதில் தடுமாறிப்போகும்.

நம் ஊர்களில் அந்த இன்னொரு நடுவருக்கு ஒரு பெயர் உண்டு: நாலு பேர். 'நாலு பேர் என்ன சொல்வார்கள்?' என்ற கேள்வியால் முடிவான திருமணங்கள் எத்தனை, முறிந்த திருமணங்கள் எத்தனை! பட்ட கடன் எவ்வளவு, மறைத்த கண்ணீர் எவ்வளவு! அந்த நாலு பேர் யாரென்று எவரும் கண்டதில்லை. ஆனால், அவர்களுடைய தீர்ப்பு ஒவ்வொரு நாளும் நிறைவேற்றப்படுகிறது. இச்சொல்லுக்கு நம் முன்னோர் வைத்த இன்னொரு பொருளும் உண்டு. இறந்தவனைச் சுமக்கத் தோள் கொடுப்பவர் நாலு பேர். 'நாளைக்கு நாலு பேர் வேண்டாமா?' என்று பெரியவர்கள் சொல்வது அதை எண்ணித்தான். ஊரை மீறினால் உன் பிணத்தைத் தூக்க ஆள் வராது என்பதே இவ்வுலக நீதிமன்றத்தின் கடைசி அச்சுறுத்தல்.

அந்த நீதிமன்றம் நம் மாவட்டத்தில் மிகுதியாக ஆராய்வது ஒரே வழக்கைத்தான்: சாதி. இதை எழுதுவது எவர் மனத்தையும் புண்படுத்துவதற்காக அன்று. புண் ஏற்கெனவே இருக்கிறது. அன்று விழுப்புரம் மாவட்டத்திலும் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் உள்ள எறையூர், நம் உயர்மறைமாவட்டத்தின் பழைமையான பங்குகளுள் ஒன்று. இறந்தோரைக் கொண்டுசெல்லும் பாதை வேறு, அடக்கம் செய்யும் இடம் வேறு என்ற நிலையை எதிர்த்துத் தலித் கிறிஸ்தவர்கள் குரல் எழுப்பினார்கள். தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டுமென்றும் கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். தாக்கப்பட்டவர்களும் கிறிஸ்தவர்களே, இறந்தவர்களும் கிறிஸ்தவர்களே.

அந்த நாள் தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. முதலாம் ஆண்டின் ஒழுங்குப்படி அன்றைய நற்செய்தி இலாசரின் கல்லறை. ஆண்டவர் கல்லறைமுன் கண்ணீர் விடுகிறார்; கல்லை அகற்றச் சொல்கிறார்; வெளியே வந்தவனின் கட்டுகளை அவிழ்த்து அவனைப் போகவிடச் சொல்கிறார். இறந்தவனுக்கும் பாதை திறக்கும் அந்த நற்செய்தி உலகெங்கும் வாசிக்கப்பட்ட ஞாயிறன்று, நம்மவர் இறந்தவர்களின் பாதைக்காக மோதிக்கொண்டோம். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதியின் பெயரால் எழுந்த சுவரைப் பற்றியும் தமிழகம் அறியும். உடலின் உயிர்ப்பை ஞாயிறுதோறும் அறிக்கையிடும் நாம் சற்று எண்ணிப் பார்ப்போம். எக்காளம் ஒலிக்கும் நாளில் சுவரின் இரு புறத்திலிருந்தும் எழுபவர்கள் ஒரே நடுவரை நோக்கித்தானே நடக்கவேண்டும்? அன்று அந்தச் சுவர் எந்தப் பக்கத்தாருக்குத் தடையாக இருக்கும்?

இறந்தவுடனே ஒவ்வொருவருக்கும் தனித்தீர்வை உண்டென்றால், உலக முடிவில் பொதுத்தீர்வை எதற்கு என்று மறைக்கல்வி வகுப்பில் சிறுவர்கள் கேட்பதுண்டு. தூய தோமா அக்குவினார் இதற்கு அருமையான விளக்கம் தருகிறார். ஒரு மனிதனின் செயல் அவனுடைய இறப்போடு முடிவதில்லை. அவனுடைய பிள்ளைகளிலும், அவன் காட்டிய முன்மாதிரியிலும், அவன் விட்டுச்சென்ற நன்மை தீமைகளிலும் அது தொடர்ந்து நடக்கிறது. எனவே, எல்லாம் முடியும் நாளில்தான் அதன் முழு அளவும் வெளிப்படும். பாட்டன் எழுப்பிய சுவர், பேரன் காலத்திலும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. பேரன் அதற்கு வெள்ளையடித்தால் அந்தக் கணக்கில் அவனுக்கும் பங்கு. ஒரு கல்லை எடுத்து வைத்தாலோ, பாட்டனின் கணக்கையே அவன் குறைத்துவிடுகிறான். முன்னோருக்காகச் செபிப்பதற்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

ஃபெஞ்சல் வெள்ளம் வடியாத அந்த வாரத்தில் எங்கள் பங்கின் கிளைக் கிராமம் ஒன்றில் ஒரு மூதாட்டி இறைவனடி சேர்ந்தார், காலனியைச் சேர்ந்தவர். காலனியிலிருந்து கல்லறைத் தோட்டத்திற்குச் செல்லும் வரப்புப் பாதை இடுப்பளவுத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. எஞ்சிய வழி ஊர்த்தெரு ஒன்றே. அந்தத் தெருவழியே காலனி வீட்டுத் தூம்பா போனதாக எவருக்கும் நினைவில்லை. தண்ணீர் வடியும்வரை உடலை வைத்திருக்கவும் இயலாது. தெருமுனையில் ஆண்கள் கூடி நின்றார்கள். எவரும் கூடாது என்று சொல்லவில்லை. எவரும் வாருங்கள் என்றும் சொல்லவில்லை.

அப்போது அத்தெருவைச் சேர்ந்த முதியவர் ஒருவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு காலனியை நோக்கி நடந்தார். அவருடைய பங்காளி மகன் ஓடிவந்து வழிமறித்தான். "பெரியப்பா, நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னு யோசிச்சீங்களா?" என்று கேட்டான். அவர் நின்றார். "யோசிச்சேன் தம்பி. அந்த நாலு பேரும் என்னைக் கல்லறை வரைக்கும்தான் தூக்கிட்டு வருவாங்க. அதுக்கு அப்பால் நான் தனியாத்தானே போகணும்?" என்றார். பின்னர்க் காலனிக்குள் சென்று, தூம்பாவின் முன்தண்டு ஒன்றுக்குத் தம் தோளைக் கொடுத்தார். நாலு பேருக்கு அஞ்சியிருந்த ஊரில், ஏழைப் பெண் ஒருத்திக்கு அவரே நாலு பேரில் ஒருவரானார். முழங்கால் அளவுத் தண்ணீரில் நாங்கள் ஊர்த்தெருவைக் கடந்தோம். சில கதவுகள் மூடிக்கொண்டன. இரண்டு வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் எழுந்து நின்று சிலுவை அடையாளம் வரைந்தார்கள்.

இறையியல் படித்தவன் நான். தீர்வையைப் பற்றித் தேர்வுகளும் எழுதியிருக்கிறேன். அந்த ஒற்றை வாக்கியத்தில் இருந்த தெளிவை எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை. தீர்வையில் உண்மையாகவே நம்பிக்கை கொண்டவன் அச்சத்தில் ஒடுங்குவதில்லை, விடுதலை அடைகிறான். பெரிய நடுவரை அறிந்தவனுக்குச் சிறிய நடுவர்களின் தீர்ப்பு சிறிதாகிவிடுகிறது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007 நவம்பர் 30 அன்று எதிர்நோக்கைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், இறுதித் தீர்ப்பை எதிர்நோக்கு கற்கும் இடங்களுள் ஒன்றாகக் காட்டியதன் பொருள் எனக்கு அந்தத் தெருவில் விளங்கியது. தீங்கு செய்தவனும் தீங்குக்கு உள்ளானவனும் ஒன்றுமே நடவாததுபோல் விண்ணக விருந்தில் அருகருகே அமர்வதில்லை. அருள் நீதியைத் துடைத்தெறிவதில்லை என்று அவர் கூறுகிறார். காலனியில் வாழ்ந்து மறைந்தவர்களுக்கு இது அச்சமூட்டும் செய்தியாக இருக்க முடியுமா? வழக்கு ஒருநாள் கேட்கப்படும் என்பது அவர்களுக்கு நற்செய்தி அன்றோ?

மத்தேயு 25-ஆம் அதிகாரத்தின் தீர்வைக் காட்சியில் ஒரு நுட்பம் உண்டு. வலப்பக்கத்தாரும் இடப்பக்கத்தாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: ஆண்டவரே, எப்போது உம்மைக் கண்டோம்? நல்லவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. அரசருக்கு உகந்தவர்களாகத் தாங்கள் வாழ்ந்ததை அரசர் சொல்லித்தான் அவர்கள் அறிகிறார்கள். தம் புண்ணியத்தைக் கணக்கிட்டுக்கொண்டே ஏழைக்குச் சோறிடுபவன் சோற்றை விட்டுக் கணக்கையே பார்க்கிறான். பெற்ற தாய்க்கு உகந்தவனாய் வாழும் மகன் அதற்கு நாளேடு எழுதுவதில்லை. கடவுளுக்கு உகந்து வாழ்வதும் அத்தகையதே. அது அன்பின் நடை. பேரம் அதில் இல்லை.

எனினும், வெள்ளக்கால அறம் ஒன்றுண்டு. தண்ணீர் வடிந்ததும் அதுவும் வடிந்துவிடும். "அன்றைக்கு வேறு வழியில்லை, விட்டோம்" என்று பிறகு சிலர் பேசினார்கள். அடுத்த ஆண்டு காலனியில் இன்னொரு மரணம் நேர்ந்தது. வரப்புப் பாதை காய்ந்து கிடந்தது. எந்த வழி என்று என்னிடம் கேட்டார்கள். திருமுழுக்கில் எந்த வழியாக ஆலயத்திற்குள் வந்தாரோ அந்த வழியாகவே இறுதிப் பயணமும் போகட்டும் என்றேன். ஊர்த்தெருவழியே வந்தோம். முதியவர் இம்முறையும் வந்தார். அவரோடு ஐந்தாறு பேர் வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை. மோதலும் இல்லை, ஒப்புரவும் நிறைவுபெறவில்லை. பவுல் தெசலோனிக்கரிடம் இன்னும் முன்னேறுங்கள் என்றுதானே கேட்டார்? முன்னேற வேண்டிய தூரம் எங்களுக்கு நிறையவே இருக்கிறது.

திருவழிபாட்டு நாள்காட்டி 2027 நவம்பர் 28-ஆம் நாள் அதே வாசகங்களை மீண்டும் நம் கையில் தரும். அன்று கடல் முழங்கலாம், முழங்காமலும் இருக்கலாம். அது காற்றின் வேலை. கடவுளுக்கு உகந்தவர்களாய் இன்னும் முன்னேறுங்கள் என்ற திருத்தூதரின் வேண்டுகோள் மட்டும் தவறாமல் ஒலிக்கும். அதற்குள் நம் ஒவ்வொரு பங்கிலும் ஒரு பாதையாவது பொதுவாகட்டும்; ஒரு கல்லறைத் தோட்டத்திலாவது ஒரு கல் அகற்றப்படட்டும்; ஒரு தூம்பாவுக்காவது மறுதெருவிலிருந்து ஒரு தோள் வரட்டும். நம்மைச் சுமக்கும் நாலு பேரும் ஒருநாள் குழியோரத்தில் நம்மை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதற்கப்பால் நம்மை எதிர்கொள்ளும் நடுவர், பிறர் தந்த கல்லறையில் மூன்று நாள் படுத்திருந்தவர். யார் யாருக்கு நாம் வழிவிட்டோம் என்பதை அவர் அறிவார்.